ஜுஜுனாவின் விரிப்பு

திபிலிசி, சுகுரெத்திப் பகுதி. ஜூலை.
மூன்றாம் மாடிக்கும் எதிர்மாடிக்கும் நடுவே
கப்பி வைத்த துணிக்கொடி.
கிறீச்சிட இழுத்தால்
முற்றத்தின் நடுவானில் வந்து நிற்கிறது
ஜுஜுனாவின் இரட்டைக்கட்டில் விரிப்பு.
வெள்ளை. ஒரு மூலையில் மட்டும் ஒயின் கறை.
யார் கல்யாணத்தில் யார் கொட்டியது என்பதில்
இரண்டு குடும்பங்கள் இன்னும் பேசிக்கொள்வதில்லை.

பின்னால் ஊதா விளக்கு.
முன்னால் பதினொரு பேர், மூன்று முக்காலி, ஒரு நாய்.
"கைதட்டாதீர்கள், எண்ணுங்கள்" என்கிறாள் தினாதின்.
பல்கலைக்கழகத்தில் அவளுக்கு ஒரு மேசையும்
நகரத்து இரவுப்பூச்சிகளை எண்ணக்
கொஞ்சம் நிதியும் உண்டு.
கரண்டு பில் யார் தலையில் என்று சண்டைக்கு வந்த குராம்தான்
டாக்சியிலிருந்து இறக்கினார்
ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனில் வீட்டு ஒயின்.
சர்க்கரை கரைத்து, கயிற்றை ஊறவைத்து,
திராட்சைப் பந்தலில் சுற்றினோம்.
பூச்சிகளுக்குப் பாதி, குராமுக்குப் பாதி.

முதல் இரவு முப்பத்தேழு.
அந்துப்பூச்சி என்றால் கம்பளி அரிப்பது
என்று மட்டும் தெரிந்த எனக்கு,
கீழறையில் வாடகைக்கிருந்து
எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்கிறவளுக்கு,
மரப்பட்டையைப் பிய்த்து ஒட்டியதுபோல் ஒன்று,
பாலாடை நிறத்தில் ஒன்று,
மூடியே வைத்திருந்து
தொட்டதும் சிவப்பைக் காட்டிய ஒன்று.
காமிஸ் பெப்பெலா என்கிறார்கள் இங்கே,
இரவின் வண்ணத்துப்பூச்சி.
பென்சிலைக் கொடுத்தார்கள். எழுதினேன்.

நிழற்பொம்மை ஆட்டும் மாக்வாலா மட்டும் எண்ணவில்லை.
இறகை விட்டுவிட்டு அதன் நிழலையே பார்த்தாள்.
"உங்களுக்குப் பெயர் வேண்டும்,
எனக்கு நடை வேண்டும்."

ஆகஸ்டில் எதிரே புதுக் கோபுரம் விளக்கேற்றியது.
இருபத்துநான்கு மாடி. உச்சி முதல் அடிவரை
பகல்.
அன்று விரிப்பில் ஒன்றுமில்லை.
மறுநாளும்.
அதற்கு மறுநாள் நாய்கூட வரவில்லை.
படிவத்தைத் திருப்பி நீட்டினேன்.
"காலியாக விடாதே" என்றாள் தினாதின்.
"காலி என்றால் நாம் பார்க்கவில்லை என்றாகிவிடும்.
பார்த்தோம். இல்லை. அதை எழுது."
அவர்கள் வாயில் அது நுலி.
என் வாயில் வந்தது பூஜ்யம்.
ஒன்றுமில்லாததற்கும் தொழத்தக்கதற்கும்
ஒரே சொல்லை வைத்தவர் யாரோ,
அன்று அவர்மேல் கோபம் எனக்கு.
வட்டம் போட்டு முடிக்குமுன் முனை ஒடிந்தது.

நான்காம் இரவு, தெருவைக் கடந்து வந்தார்
கோபுரத்துக் காவலாளி வாஜா.
"சுவிட்ச் என்னிடம் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது"
என்றார் எடுத்த எடுப்பில்.
யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.
பிறகு சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டிகள்,
ஒவ்வொன்றாக.
விடிகாலையில் விளக்கடியைப் பெருக்கும்போது
குப்பையோடு தள்ள மனம் வராதவை.
மேலே தேதி போட்டிருந்தார்.
எங்கள் பூஜ்யங்களின் தேதிகள்.
நாற்பத்தொன்று. அறுபது. அறுபத்துமூன்று.

தினாதின் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.
மூன்று வருடத் திட்டத்தின் கருவிப் பட்டியலில்
துடைப்பம் இல்லை.

'கண்டவர்' என்ற கட்டத்தில் அவர் பெயரை எழுதினேன்.
தகப்பன் பெயரையும் சேர்க்கச் சொன்னார்.

செப்டம்பரில் மாக்வாலா
அந்தத் தீப்பெட்டிகளில் ஒன்றைத் திறந்து
ஊசிமுனையில் ஏற்றி விளக்கின்முன் பிடித்தாள்.
விரிப்பு முழுக்க ஒரே இறகு.
ஜுஜுனாவின் கறை அதில் கண்ணாக விழுந்தது.
கை நடுங்கியதா, ஆட்டினாளா,
இறகு ஒருமுறை அசைந்தது.
வாஜா தொப்பியைக் கழற்றினார்.

எதிர்க் கோபுரத்துப் பால்கனிகளில் சிலர்.
அதில் ஒரு வீட்டில் விளக்கு அணைந்தது,
நன்றாகப் பார்ப்பதற்கோ
தூங்கப் போவதற்கோ.
அதற்குப் படிவத்தில் கட்டமில்லை.
ஓரத்தில் எழுதினேன்:
ஒன்பது நாற்பது. பதினேழாம் மாடி.
ஒன்று.